பிள்ளையார் சுழிக்கு ஒரு சீட்டு

எட்டுப் பேருக்கு ஒன்பது சீட்டு வந்ததே, அது தப்பு, அதை எட்டாக்கினேனே, அது எப்படித் தப்பாகும்... என்று முத்திருளன் தனக்குள் வாதாடிக்கொண்டிருந்தான், காளவாசலில் பஸ் நின்று பத்து நிமிஷமாயிற்று, முன்னால் ஒரு வைக்கோல் லாரி அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது, மணி ஏழே முக்கால், எட்டுக்கெல்லாம் மில் கேட்டை அடைத்துவிடுவார்கள். மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஆறு மாதம், எண்பத்தெட்டில் அது ஊருக்கே அதிசயம், அதைக் கட்டி மேய்ப்பதற்கென்றே எடுத்த ஆள் இவன். நிரந்தரமில்லாத பதிலி ஆட்களில் அன்றைக்கு யார் பெயருக்குக் கேட் சீட்டு அடித்திருக்கிறதோ அவர் உள்ளே, மற்றவர் வீட்டுக்கு. மிஷின் செய்யவேண்டியதை வரிவரியாக இவன் எழுதிவைத்த பேட்ச் ஃபைலுக்கு, கட்டளைக்குப் பின்னால் பெயர்களை இடம் விட்டு விட்டு அடித்தால் போதும், முதல் பெயருக்குச் சீட்டு அடிக்கும், அதைத் தள்ளிவிட்டு அடுத்ததை முன்னால் இழுக்கும், பெயர் தீரும்வரை சுற்றிவிட்டு மொத்தம் எத்தனை என்று சொல்லும். அந்த எத்தனைதான் நாலு நாள் உயிரை வாங்கியது, கம்ப்யூட்டரை ஓட்டும் அந்த டாஸுக்குக் கூட்டத் தெரியாது, ஆளுக்கு ஒரு வரி எழுதவைத்து வரிகளை எண்ணவைத்தான், தன் மூளையை நினைத்துக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது...

அந்தக் கர்வத்துக்குத்தான் ஆப்பு. இவன் அடித்தால் எட்டு, டைம் ஆபீஸ் பஞ்சாபகேசன் சார் அடித்தால் ஒன்பது. வாட்ச்மேன் விருமாண்டி வேறு, "யாருண்ணே இந்த ரெண்டு? தெனமும் சீட்டு வருது, ஆளக் காணோம்?" என்று கேலி பண்ணினான். முத்திருளன் சாருக்குப் பின்னால் நின்று பார்த்தான், கட்டளையை அடித்தார், கண்ணை மூடினார், 2 என்று தட்டினார், பிறகுதான் பெயர்கள். கீபோர்டில் பிள்ளையார் சுழிக்குக் கிட்டத்தட்ட வருவது அதுதானே, முப்பது வருஷமாகச் சுழி போடாமல் பேனாவைத் தாளில் வைக்காத மனுஷர். சார், மிஷினுக்குச் சுழி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்... ஏன் வாய் வரவில்லை? சிபாரிசு செய்து வேலை வாங்கித் தந்தவர் என்றா, சாமி காரியம் என்றா, தானும் பரீட்சைத் தாளில் சுழி போட்டவன்தானே என்றா? சத்தமில்லாமல் ஃபைலின் உச்சியில் ஒரு வரி சேர்த்தான், முதலில் எது வந்தாலும் பார்க்காமல் தள்ளிவிடு. "பேஷ்! இப்போ எட்டுக்கு எட்டு டாலி ஆறது பார்" என்று சார் முதுகில் தட்டினார்.

இன்றைக்குச் சார் லீவு, டைப்பிஸ்ட் அனந்தலக்ஷ்மி அடிப்பாள், அவளுக்குச் சுழியும் கிடையாது கிழியும் கிடையாது, நேரே பெயர்தான்... இது சார் லீவு சொன்ன சனிக்கிழமையே உறைக்கவேண்டாமா, பஸ் நின்ற பிறகா உறைக்கும்? பட்டியலில் முதல் பெயர் ஒச்சாயி அக்கா. மாதம் முழுக்க ஒருநாள் விடாமல் வந்தால் நிரந்தரம் என்பது மில் சட்டம், அந்த அம்மாள் ஒருநாள்கூட விடவில்லை, இன்றைக்குக் கடைசித் தேதி. எதிர்க் கடையில் போன் இருந்தது, அதற்குப் பூட்டும் இருந்தது. குதித்து இறங்கினான், ஆட்டோவைப் பிடித்தான், ஏழு பேர் ஏழு பேர் என்றே மனசு அடித்துக்கொண்டது, அனந்தலக்ஷ்மி எண்ணிப் பார்த்திருப்பாள், சந்தேகப்பட்டிருப்பாள், படாமலா இருப்பாள்...

எட்டேகால். கேட் அடைத்திருந்தது. வெளியே ஒச்சாயி மட்டும் தூக்குவாளியோடு நின்றாள். விருமாண்டி கம்பிக்கு உள்ளிருந்து கையை விரித்தான். "ஏழுதேன் வந்துச்சுண்ணே. டைப் பண்ற அம்மாவக் கேட்டேன், மிசினு எண்ணுனா சரியாத்தேன் இருக்கும்னுட்டாக."

"மிசினு என் பேர எடுத்துருச்சாம்ல தம்பி" என்றாள் ஒச்சாயி, அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தேவலை. "நான் என்ன தப்பு செஞ்சேன்னு மட்டும் கேட்டுச் சொல்லுறியா?"

"நீங்க ஒண்ணும் செய்யலக்கா. வாங்க, மானேஜர்ட்ட போவோம்."

"அப்ப யாரு செஞ்சா?"

வாயில் முதலில் வந்து நின்றது பஞ்சாபகேசன் சாரின் பெயர்தான். வெட்கமாக இருந்தது, அதை விழுங்கினான். அடுத்து வரவேண்டியது தன் பெயர் என்று தெரிந்தது, தெரிந்தும் அது வரவில்லை, அவள் இவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்...