பின்சீட்டு

ஷெட்டின் இரும்புக் கதவைத் தூக்குகிற சத்தம் கேட்டபோது அவள் அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். விறைத்த உடம்புக்குச் சட்டை மாட்டுவது லேசான வேலையில்லை. கையை நுழைத்து, முதுகைத் தூக்கி, கீழே இழுத்துவிட்டு ஒருவழியாக முன்பக்கத்துக்கு வந்திருந்தாள். சத்தத்தைக் கேட்டதும் விரல்கள் பொத்தானோடு நின்றுவிட்டன.

"யாரு ஷெட்டைத் திறக்கிறது?"

கட்டிலின் மறுபக்கம் குனிந்து அப்பாவின் தோளைத் தாங்கிப் பிடித்திருந்த அவள் கணவர், "தம்பிதான்" என்றார்.

"சாவி?"

"கேட்டான். ஆணியில இருக்குன்னேன்."

ஏன் சொன்னீர்கள் என்று கேட்க வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். காரணம் அவருக்கும் தெரியும்.

தம்பி விடியற்காலைப் பேருந்தில் வந்து இறங்கியவன். வெளியூரில் பம்ப்செட் விற்கிறவன். பேச்சுதான் அவனுக்குச் சோறு. வந்ததும் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்துவிட்டு, முகம் கழுவிய ஈரத்தோடு முதல் காரியமாக அதைத்தான் சொன்னான். "அப்பாவுக்கு உன் வண்டின்னா உயிருக்கா. முன்னாடி அது போகணும், பின்னாடி அவரு வரணும். ராஜா மாதிரி அனுப்பிவைப்போம்."

"பேட்டரி இறங்கிப்போச்சுடா" என்று சொல்லியிருந்தாள். பொய். நேற்றுக் காலை அந்த வண்டி முதல் முயற்சியிலேயே உறுமி எழுந்தது.

அவளைவிட வயதில் மூத்த வண்டி அது. கரும்பச்சை உடம்பு, பாலாடை நிறத்தில் கூரை, ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவள் தொழில். நாளெல்லாம் மெழுகும் அச்சுமாக, தலைமுடியளவு பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற வேலை. அந்தப் பொறுமை மொத்தத்தையும் வண்டியின் மேல் கொட்டியிருந்தாள். கோழிக் கொட்டகைக்குள் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்தபோது, பேரீச்சம்பழத்துக்குக்கூட எடுக்கமாட்டார்கள் என்று ஊரே சிரித்தது. வண்டி ஓடத் தொடங்கிய பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஓடினால் சந்தோஷம், நின்றால் கவலை. மழை வந்தால் கண்ணாடி ஓரத்தில் ஒழுகும். வெயிலில் மெதுவாகப் போனால் ரேடியேட்டர் கொதிக்கும். பிரேக்கை ஒருமுறை மிதித்தால் யோசிக்கும், மறுமுறை மிதித்தால் பிடிக்கும். ஒரு ரப்பர் வளையத்துக்காக மாதக்கணக்கில் ஊர் ஊராக விசாரித்திருக்கிறாள். என்ஜினில் புதிதாக ஒரு கிளிக் சத்தம் கேட்டால் அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில், மரங்கள் கவிந்த ஏரிக்கரைச் சாலையில், மூன்றாவது கியரில் அது தனக்குள்ளேயே முனகிக்கொண்டு போகும்போது அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்காது.

பின்சீட்டில் இடதுபக்க ஜன்னலோரம் அப்பா இருப்பார். வாழ்நாளெல்லாம் பஸ் கண்டக்டராக நின்றே காலந்தள்ளியவர். "ஒருத்தர் ஓட்ட, நான் உக்காந்துட்டு போறது இதுலதான்" என்பார். அவள் கியர் போட்டதும், பின்னாலிருந்து "ரைட்... போலாம்" என்று குரல் கொடுப்பார். அவர் சொல்லாமல் அவளும் கிளப்பமாட்டாள்.

வண்டியைத் தொடுவதற்கு அந்த வீட்டில் சட்டம் உண்டு. பெயிண்ட்டில் கை வைக்கக் கூடாது. மோதிரம் கீறும், வேர்வை படியும். கைப்பிடியை மட்டும்தான் பிடிக்க வேண்டும். விருந்தாளிகளின் பிள்ளைகள் பக்கத்தில் போனால் அப்பாவே அதட்டுவார்: "தொட்டுடாதீங்க, எங்க பொண்ணு ஷாக் வச்சிருக்கா."

போன மாதம்தான் சீட்டுகளுக்குப் புதுத் தோல் தைத்து வந்திருந்தது. அடர் சிவப்பு. முகத்தை அருகில் கொண்டுபோனால் தோல் மணம் மூக்கில் ஏறும்.

நேற்றுக் காலை குளியலறையிலிருந்து வந்த அப்பா, சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. சட்டையில் வாந்தி. கீழுடை நனைந்து கால் வழியே ஒழுகியது. கணவர் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறவர், எதையும் நிதானமாகச் செய்கிறவர். நேற்று அவருக்கும் குரல் நடுங்கியது. எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, தாமதமாகும் என்றார்கள். "உன் வண்டிய எடு" என்றார்.

ஓடிப்போய் எடுத்தாள். கிளம்பிவிட்டது. கணவர் அப்பாவை அணைத்து நடத்திக்கொண்டு வந்தார். அவள் பின்கதவைத் திறந்தாள். சிவப்புச் சீட்டு தெரிந்தது. அப்பாவின் நனைந்த உடையும் தெரிந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள்.

சீட்டைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் தாள் ஷெட்டு அலமாரியில் மடித்து வைத்திருந்தது. எடுத்து வந்து விரித்தாள். ஓரம் சுருண்டுகொண்டது. முதுகும் அடியும் சேருகிற இடுக்கில் அதைச் செருகினாள். வெறும் பிளாஸ்டிக் வழுக்கும், ஈரம் ஓடி இடுக்கில் இறங்கிவிடும் என்று பட்டது. பழைய போர்வை ஒன்றைத் தேடி எடுத்து அதன்மேல் போட்டாள். பதற்றத்தில் கை தானாகச் செய்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது. மூலை சரியாக மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

நிமிர்ந்தபோது அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவரின் பிடியில் ஒரு கை. இன்னொரு கை வண்டியின் கூரைக்கு மேலே, காற்றில், நடுங்கியபடி நின்றது. நிற்க முடியாமல் முழங்கால் மடங்கியது. அப்போதும் அவர் வண்டியின்மேல் கையை ஊன்றவில்லை.

பிறகு ஏறி உட்கார்ந்தார். அவள் கியர் போட்டாள். குரலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கிளப்பிக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் டாக்டர் வெளியே வந்துவிட்டார். சின்ன வயதுப் பெண். அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா?"

"இல்லம்மா. வீட்டுலயே ஹார்ட் அட்டாக் ரொம்பப் பெருசா வந்திருச்சு. நீங்க பறந்து வந்திருந்தாலும் இதுதான்."

ஆறுதலுக்காகச் சொன்னது. அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. நீதான் கொன்றாய் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். இப்போது அழுவதற்குக்கூடச் சாக்கில்லை. அவள் செய்ததால் ஒன்றும் மாறவில்லை. செய்தது மட்டும் அப்படியே இருந்தது.

"அக்கா."

தம்பி வாசல்படியில் நின்றான். கையில் பிளாஸ்டிக் தாளும் போர்வையும் சுருட்டியபடி. அறைக்குள் அந்த வாடை வந்தது.

"பின்சீட்டுல கெடந்துச்சு. என்னக்கா இது?"

அவள் பொத்தானைப் பார்த்தாள். துளைக்குள் பாதி நுழைந்து நின்றிருந்தது.

அவன் குற்றம் சாட்டவில்லை. அப்பாவின் கடைசி நேரத்தில் கூட இல்லாமல் போனவன், எது கிடைத்தாலும் பொறுக்கிக்கொள்ளத் தவிக்கிறவன் அவன். விடையையும் அவனே எடுத்துக் கொடுத்தான்.

"அப்பா போடச் சொன்னாரா?"

"ஆமா" என்றாள்.

எதிர்ப்பக்கம் கணவர் அதைக் கேட்டார். அச்சில் ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தால்கூட விடாதவர் அவர். தாங்கிப் பிடித்திருந்த தோளை மெல்லத் தலையணையில் இறக்கி வைத்தார். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். "நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற நேரத்துலயும் உன் சீட்டை நெனச்சிருக்காரு பாருக்கா" என்று குலுங்கி அழுதான். அவள் கழுத்துப் பொத்தானைப் போட்டு முடித்தாள்.

அதற்கப்புறம் அந்த ஒரு சொல் அவள் கையில் இல்லை. சமையலறையில் தண்ணீர் எடுக்கும்போது கூடத்தில் தம்பியின் குரல் கேட்டது. வாசலில் நாற்காலி போடும்போது கேட்டது. ஒவ்வொரு தடவையும் அப்பா கொஞ்சம் கூடுதலாகப் பேசினார். முதலில் "ஏதாவது விரிம்மா" என்றார். பிறகு "ஆசையா தச்ச சீட்டு, வீணாயிடும்மா" என்றார். உச்சி வெயில் ஏறுவதற்குள் "என்னால உனக்கு ஒரு கறை வரக்கூடாது" என்றே சொல்லிவிட்டார். கேட்ட பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தி வந்து அவளைக் கட்டிக்கொண்டு, "குடுத்து வச்சவ நீ" என்றாள்.

அப்பாவோடு ஒரே வழித்தடத்தில் பஸ் ஓட்டிய பழைய டிரைவர் வந்திருந்தார். கண்பார்வை மங்கி, கைத்தடியோடு. தம்பி சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"அவன் அப்படித்தான். பஸ்ஸுல யாராச்சும் வாந்தி எடுத்தா எனக்குக் கோவம் வரும். என்னை வாயைத் திறக்க விடமாட்டான். தானே தண்ணி ஊத்திக் கழுவுவான். 'உடம்புக்கு முடியாதவங்க ஏற்கெனவே கூசிப்போய் உக்காந்திருக்காங்க, நீ வேற பாக்காதே, ரோட்டைப் பாரு'ம்பான்."

அவள் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

வண்டி முன்னால் போனது. வேறு வழியில்லை, தம்பி அதைக் கிளப்பிப் பார்த்து, பூவும் கட்டிவிட்டிருந்தான். அவள் ஓட்டினாள். கணவர் பக்கத்தில். தம்பி பின்னால் வந்த வேனில் அப்பாவோடு. ஜனங்கள் நடந்து வருகிற வேகத்துக்கு முதல் கியரில் ஊர்ந்து போகவேண்டியிருந்தது. கடைத்தெரு தாண்டியதும் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியது. அவள் முள்ளைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், மறுபடி முள்ளைப் பார்த்தாள். இப்படியே போனால் சூட்டில் என்ஜின் கேஸ்கெட் போய்விடும், ஓரமாக நிறுத்தி ஆறவைத்துவிட்டுப் போகலாமா என்று மனம் கணக்குப் போட்டது. கண்ணாடியில், பின்னால் வருகிற வேன் தெரிந்தது.

உடம்பெல்லாம் ஒருமுறை கூசியது. கண்ணைத் திருப்பிக்கொண்டாள். மயானத்து வாசலில் என்ஜின் மூடியின் கீழிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. யாரோ தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்கள். "விடுங்க, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து, சாயங்கால வெயில் கூடத்துச் சுவரில் விழுந்திருந்தபோது தம்பி அத்தைக்குப் போன் போட்டான். அப்பாவின் ஒரே அக்கா. தூரத்து ஊரில் மகள் வீட்டில் படுக்கையாகக் கிடக்கிறவள். வர முடியவில்லை. தம்பி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, யார் யார் வந்தார்கள், எப்படி அனுப்பினோம் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கடைசியா என்ன சொன்னாரு தெரியுமா அத்தை? இருங்க, அக்காவே சொல்லுவா. அவகிட்டதான் சொன்னாரு."

போனை நீட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மறுமுனையில் மூச்சு கேட்டது. இழுத்து இழுத்து வருகிற, வயதான மூச்சு.

"சொல்லும்மா" என்றாள் அத்தை. "என் தம்பி என்ன சொன்னான்?"

தம்பி கண்ணை மூடி, கேட்கத் தயாராக இருந்தான். மேசை முன்னால் கணவர் இருந்தார். எதிரே விரித்துவைத்த தாள்களில் அவர் எதையும் படிக்கவில்லை.

"அப்பா ஒண்ணும் சொல்லல அத்தை" என்றாள். மின்விசிறி இரைச்சலில் அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்னம்மா?"

"ஒண்ணும் சொல்லல. நான்தான்..."

"காது சரியா கேக்கலம்மா. கொஞ்சம் சத்தமா சொல்லு."

தம்பி கண்ணைத் திறந்தான்.

கணவர் எழுந்தார். சுவரோரம் போய் மின்விசிறியை நிறுத்தினார். அதன் இரைச்சல் அடங்கியது. இறக்கைகள் வேகம் குறைந்து, தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன.