இருநூறு விரிப்புகள் காய்ந்த விதம்

பூச்சியின் முகம் சிவந்தால் பக்கத்தில் இருக்கும் ஈரத் துணி காய்ந்துவிடும். தலையணை உறைக்கு ஒன்றரை நிமிடம், படுக்கை விரிப்புக்கு நாலு நிமிடம். தடித்த கால்சட்டைகளில் மட்டும் இடுப்புப் பட்டையில் கொஞ்சம் ஈரம் நிற்கும். அதை இஸ்திரிப் பெட்டி பார்த்துக்கொள்ளும். வாயில்லாப்பூச்சி என்று சின்ன வயதில் யாரோ சொன்னது சுருங்கி அவளுக்குப் பெயராகவே நின்றுவிட்டது. அவளுடைய அம்மா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் லாண்டரி நடத்தினாள். கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கூடம், அதில் வரிசையாகத் துணிக்கொடிகள். பதினோரு வயதில், வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் ஒரு பாட்டுப் பாடச் சொன்னபோது பூச்சி அந்தக் கூடத்துக்கு ஓடி ஈர விரிப்புகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டாள். வெளியே நல்ல மழை. தேடிப்போன அம்மா, மொறமொறவென்று காய்ந்த ஒன்பது விரிப்புகளைக் கண்டாள். முதலில் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். விரிப்பைத்தான் அதிக நேரம் தொட்டுக்கொண்டிருந்தாள்.

கெட்ட எண்ணத்தில் யாரும் ஆரம்பிக்கவில்லை. மழை நாட்களில் அம்மா அவளைக் கொடிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார வைப்பாள். இஸ்திரி போடும் சித்தப்பா, "நம்ம பூச்சி இன்னைக்கு எவ்வளவு அழகா இருக்கா!" என்று ஒரு வார்த்தை சொல்வார். அது போதும். இரண்டு வருடத்தில் புகழ்ச்சி வேலைக்கு ஆகாமல் போயிற்று. மூன்றாம் வகுப்பில் அவள் உட்கார்ந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்ட கதையை எடுத்தார்கள். அது ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கியது. அதற்கும் சூடு குறைந்ததும் அம்மா மகளின் பள்ளிக்கூட நோட்டுகளைப் புரட்டினாள், தூக்கத்தில் உளறுவதைக் காது கொடுத்துக் கேட்டாள். தெருக்காரர்களும் நனைந்த சட்டையோடும் ஒரு கேலியோடும் வர ஆரம்பித்தார்கள். இதை எழுதுகிற நானும் ஒரு தடவை போனதுண்டு. என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. சட்டை நன்றாகத்தான் காய்ந்தது. பூச்சி ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. லாண்டரிக்கு விரிப்புகள் அனுப்பும் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வெறும் மெத்தையில் படுத்திருக்கிறார்களே என்று அம்மா சொன்னால் போதும், அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

பத்தொன்பது வயதில் அவள் அம்மாவிடம் ஒரு விஷயம் சொன்னாள். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மடிப்புக்கும் நெருங்கி வர வேண்டும். மூன்றாவது மடிப்பில் முகத்தோடு முகம் வந்துவிடும். அப்போதுதான் சொன்னாள். "பஸ் ஸ்டாண்டுல மைக்ல பஸ் நேரம் சொல்ற வேலைக்கு மனு போட்டிருக்கேம்மா. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. அந்த ரூமுக்குள்ள உக்காந்தா மூஞ்சிய யாரும் பாக்க மாட்டாங்க. தினமும் காலி மெஷினுக்குள்ள தலைய விட்டுப் பேசிப் பழகுறேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் ஏன்டி சொல்லப் போறேன்," என்றாள் அம்மா. அப்போது மனதாரத்தான் சொன்னாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை பிடித்துப் பதினேழாவது நாள். ஆஸ்பத்திரியின் இருநூறு விரிப்புகள் கொடிகளில் சொட்டிக்கொண்டிருந்தன, பகல் பன்னிரண்டுக்குள் போயாக வேண்டும். ஆஸ்பத்திரி வண்டிக்காரர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். சித்தப்பா பழைய கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். ஒரு கைக்குட்டைகூடக் காயவில்லை. அம்மா விரிப்புகளைப் பார்த்தாள், வண்டிக்காரரைப் பார்த்தாள், மகளைப் பார்க்காமல் சொன்னாள்: "நம்ம பூச்சி மைக்ல பேசப் போறாளாம். துவைக்கிற மெஷினுக்குள்ள தலைய விட்டுப் பேசிப் பாக்குறாளாம்!" சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வண்டிக்காரர் கையை வாயருகே குவித்துக்கொண்டு, "பயணிகள் கவனத்திற்கு, பஸ் இப்ப அலசிக்கிட்டு இருக்கு, பிழிஞ்சதும் கிளம்பிடும்!" என்றார். இருநூறு விரிப்புகளும் பதினோரு நிமிடத்தில் காய்ந்தன. நாற்பது விரிப்புகளின் ஓரம் கருகியது. ஸ்டூலின் பிளாஸ்டிக் கால் ஒன்று வளைந்துபோயிற்று. வண்டியில் மூட்டைகளை ஏற்றி முடிக்கும்வரை அம்மா கூடத்துப் பக்கம் திரும்பவேயில்லை.

அதோடு சரி. புதன்கிழமை பூச்சியின் முகம் எதற்கும் சிவக்கவில்லை. என்ன சொன்னாலும் சொன்னவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்த ஒரே நல்ல உடை, நீல நிறம், அவளே துவைத்துப் போட்டது, வியாழன் காலையிலும் கொடியில் ஈரமாகவே தொங்கியது. அதையே உடுத்திக்கொண்டு முன்கடைக்கு வந்தாள். சித்தப்பாவும் வண்டிக்காரரும் அங்கேதான் இருந்தார்கள். "இந்த ஈரத்தோடயா போகப் போற?" என்று கேட்டாள் அம்மா.

"அத உங்கிட்ட மட்டும்தாம்மா சொன்னேன்," என்றாள் பூச்சி.

அவள் கத்தவில்லை. ஆனால் மெஷினுக்குள் பேசிப் பழகிய குரல் தெருமுனை வரைக்கும் தெளிவாகப் போயிற்று. சைக்கிள் கடைக்காரர் கையிலிருந்த பம்பைக் கீழே வைத்தார். அம்மாவுக்கு முதலில் காது சிவந்தது, பிறகு கழுத்து, பிறகு முகம் முழுவதும். நீல உடையின் தோளிலிருந்து ஆவி கிளம்பியது. கை காய்ந்தது, முதுகு காய்ந்தது, கீழ் ஓரம் காய்ந்தது. அத்தனை நேரமும் மகள் நகரவில்லை, அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சித்தப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடுப்புல ஈரம் இருக்கா?" என்று அம்மா கடைசியில் கேட்டாள்.

"இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கிப் போனாள். வேலை கிடைத்தது.

பஸ் ஸ்டாண்டின் ஒலிபெருக்கிகளில் ஒன்று லாண்டரியின் தகரக் கூரையைப் பார்த்தபடி இருக்கிறது. மழை நாட்களில் அம்மா வளைந்த கால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கொடிகளுக்கு நடுவே உட்காருகிறாள். யாரும் அவளைக் கேலி செய்ய வேண்டியதில்லை. மகளின் குரல் பதினொன்றரை மணி பஸ்ஸை அறிவிக்கும்போது அம்மாவின் முகம் சிவக்கிறது, விரிப்புகள் ஓரம் கருகாமல் காய்கின்றன, ஆஸ்பத்திரி வண்டி நேரத்துக்குக் கிளம்புகிறது. மாலையில் மகள் வந்ததும் இரண்டு பேரும் மிச்ச விரிப்புகளை மடிக்கிறார்கள். மூன்றாவது மடிப்பில் முகங்கள் நெருங்கும்போது எந்த பஸ் தாமதம் என்று பேசிக்கொள்கிறார்கள். மற்ற கதைகளுக்குச் சூடு குறைந்த மாதிரி இதற்கும் குறைந்துவிடும் என்று சித்தப்பா வருடா வருடம் சொல்கிறார். இந்த மழையோடு எட்டு வருடம் ஆகிறது. ஒரு விரிப்புக்கு இன்னும் நாலு நிமிடம்தான்.