சப்பாத்துக் குதிரை

அஜின்கோர்ட்டில் எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில், காசு போட்டால் உடுப்புக் காயவைக்கும் ட்றையருக்கு முன்னால் கிற்றாரோடு இருந்தார் என் கணவர் சீமோன். அமெரிக்க மாட்டிடையர் பாடும் பழைய பாணிக் கன்ரிப் பாட்டுக் கசெற்றுக்காக ஒன்பது பாட்டு எழுதிவிட்டார். பத்தாவதில் குதிரை ஓட வேண்டுமாம். குதிரையில் ஒருநாளும் ஏறாத மனிதர்.

ட்றையருக்குள் ஏதோ தடக் தடக் என்றது. எட்டிப் பார்த்தேன். பூசைக்குப் போடும் அவருடைய சப்பாத்துகள் உருண்டுகொண்டிருந்தன.

"நாளைக்கு வெறுங்காலோடையே கோயிலுக்கு வரப்போறியள்?" என்று ஏசினேன்.

"கொஞ்சம் பொறும், கிளடிஸ். குதிரை ஆத்தைத் தாண்டுது."

எரிச்சலோடு ட்றையரின்மேல் ஏறி இருந்தேன். சூடு முதுகில் ஊர்ந்தது. கிற்றார் மெல்ல நடந்தது. ஜன்னலுக்கு வெளியே விழுந்த பனி எனக்குப் புழுதியாகத் தெரிந்தது.

ட்றையர் நின்றது. அவர் என்னைப் பார்த்தார்.

நான் இறங்காமலே இன்னொரு நாணயத்தை நீட்டினேன்.

"போடுங்கோ. இன்னும் கரை வரேல்லை."