முப்பத்தோராம் ஸ்லைடு

மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்பவர்களுக்கு விளக்கிச் சொல்லி, ஏழு வருடமாக அம்மாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "பெரிய கம்பெனிங்களுக்கு யோசனை சொல்றா" என்பாள். "அவங்களுக்கே தோணாதா?" என்பாள் பெரியம்மா. 

மகள் வேலை பார்ப்பது பல நாடுகளில் கிளை பரப்பிய ஓர் ஆலோசனை நிறுவனத்தில். அங்கே யாரும் எதையும் பார்ப்பதில்லை, ஆய்வு செய்வார்கள். யாரையும் வேலையைவிட்டு அனுப்புவதில்லை, கட்டமைப்பைச் சீராக்குவார்கள். மூன்று முறை பதவி உயர்வு தவறிப்போனால், சீராக்கப்படுவது நீங்கள். அவளுக்கு இரண்டு முறை தவறியிருந்தது. மூன்றாவதை முடிவு செய்யும் குறிப்பை அவளுடைய இயக்குநர் இன்று மாலை எழுதப்போகிறார். எதைப் பேசினாலும் பலகையில் அம்பு போடுகிறவர் என்பதால் அவருக்கு அம்புக்குறி என்று பெயர்.

இன்றைய கூட்டம் ஒரு குளிர்பதனக் கிடங்கை மூடுவது பற்றியது. அதற்கு ஆதாரம் அவள் போட்ட முப்பத்தோராம் ஸ்லைடு. ஒரு லாரியில் சரக்கு இறக்க மற்ற கிடங்குகளில் ஒரு மணி நேரம், இங்கே மூன்று. "இதுதாம்மா கதை" என்று அம்புக்குறி அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருந்தார். கதை முடிந்தால் நூற்று நாற்பது பேர் வீட்டுக்குப் போகவேண்டும்.

கூட்டம் அந்தக் கிடங்கின் மாடியிலேயே. திரையைச் சரிபார்க்க அவள் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டாள். கேட்டுக்கு வெளியே பதினோரு லாரிகள் நின்றன. ஓட்டுநர்கள் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் இறக்கல?" என்று காவல்காரரைக் கேட்டாள்.

"கேட்டு ஏழு மணிக்குத்தான் திறக்கும் மேடம். மத்த கிடங்கு மாதிரி இங்க ராத்திரி ஷிப்ட் கிடையாது."

"அப்புறம் கையில லாரி நம்பரும் நேரமும் போட்ட சீட்டு வச்சிருக்கீங்களே?"

"முன்னாடியே சீட்டு போட்டாத்தான் வரிசையில இடம். அஞ்சு மணிக்குப் போட்டுட்டுத் தூங்கிடுவாங்க."

"கம்ப்யூட்டர்ல ஏறுறது இந்தச் சீட்டு நேரமா?"

"இதேதான். ஏன், நீங்க பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை. ஆய்வு செய்திருந்தாள்.

ஏழு மணிக்குக் கேட் திறந்தது. குதிகால் உயர்ந்த செருப்போடு ஒன்றரை மணி நேரம் நின்று, ஒவ்வொரு லாரியும் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் குறித்தாள். ஐம்பது நிமிடம். நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு.

"மூணு மணி நேரத்துல ரெண்டு மணி நேரம் தூக்கம் சார்" என்றாள் மாடியில்.

அம்புக்குறி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த நுணுக்கமெல்லாம் அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம். சாயங்காலம் உன் குறிப்பை எழுதணும். ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. 

முப்பத்தோராம் ஸ்லைடு திரையில் வந்ததும் எழுந்தாள். "இது தப்பு. போட்டது நான்தான். லாரி வரிசையில காத்திருந்த நேரத்தையும் இறக்குற நேரம்னு கணக்குப் பண்ணிட்டேன்" என்று காலையில் குறித்த எண்களைப் படித்தாள். குரல் நடுங்கியது. எண்கள் நடுங்கவில்லை.

கடைசி நாற்காலியிலிருந்து கிடங்கு மேலாளர் மெதுவாகச் சொன்னார்: "இதைத்தான் மூணு வாரம் முன்னாடி இவங்களுக்கு மெயில்ல எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றின்னு தானா ஒரு பதில் வந்துச்சு."

கிடங்குகளின் முதலாளியம்மா அவளையே பார்த்தார். "சரி, இப்ப நான் என்ன பண்ணணும்?"

"கேட்டை அஞ்சு மணிக்குத் திறங்க மேடம்."

"அவ்வளவுதானா? அறுபது ஸ்லைடு இருக்கே."

"அவ்வளவுதான்."

முதலாளியம்மா சிரித்தே விட்டார். "மீதி நாலு கிடங்கையும் பாருங்க. தப்புன்னு சொன்ன இந்தப் பொண்ணுதான் தலைமை. வேற ஆள்னா வேண்டாம்."

அம்புக்குறி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அதுக்காகத்தானே மேடம் அவங்களுக்குப் பதவி உயர்வு கொடுக்கறோம். களத்துல இறங்கிப் பாக்கறதுதான் எங்க பாணி" என்று எழுந்துபோய், பலகையில் கேட்டை நோக்கி ஓர் அம்பு போட்டார்.

மாலையில் அவள் அழைத்து நடந்ததைச் சொன்னதும் அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். பக்கத்தில் பெரியம்மா இருந்தாள். "நூத்தி நாப்பது பேர் வேலையைக் காப்பாத்தியிருக்கா. அவங்களுக்கே தோணாதான்னு கேட்டீங்களே அக்கா."

"தோணியிருக்கு பெரியம்மா. மெயிலும் போட்டிருக்காங்க. நான்தான் படிக்கல."

அம்மா அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தாள். "பெருமையா பேசிட்டிருக்கும்போது நடுவுல இதெல்லாம் எதுக்குடி?"

"அதைச் சொன்னதாலதாம்மா பெருமையே."