எதிர்க்கிறவர் எழும்பலாம்

தொண்ணூற்றெட்டு ஆனி மாதம். கேசிகா இந்த அரசியல் பரீட்சைக்கு வருவது மூன்றாம் தடவை. இதிலும் சறுக்கினால் பல்கலைக்கழக உதவிப்பணம் நின்றுவிடும். பிறகு தாயோடு கூலிக்கு மாடிப்படி கழுவப் போகவேண்டியதுதான். பலெர்மோவில் பரீட்சை என்றால் வாயால் சொல்வது. கதவும் திறந்தே கிடக்கும், யாரும் வந்து கேட்கலாம். "அவள் வாத்தியோடை கொழுவுவாள், போய்ப் பாருங்கோ" என்று தாய் விரட்டியதில், தகப்பன் தில்லையம்பலம் வேலை உடுப்போடேயே வந்து கடைசி வாங்கில் குந்தியிருந்தார்.

பேராசிரியர் கேட்டார்: "ஒரே கட்சி ஆளும் நாட்டில் துணை அதிபரை எப்படித் தெரிவுசெய்கிறார்கள்?"

பேரவை வாக்களித்துத் தெரிவுசெய்யும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அதைச் சொல்லிவிட்டு எழும்பியிருக்கலாம். சொன்னால் அவள் கேசிகா இல்லையே.

"தெரிவுசெய்வதே இல்லை. முதல்நாளே கட்சிப் பெரியவர்கள் நாலுபேர் அறைக்குள் முடித்துவிடுவார்கள். பேரவைக்கு வருவது ஒரே ஒரு பெயர். தலைவருக்கு ஒருநாளும் போட்டியாக வரமாட்டாத ஆளின் பெயர்."

"ஆதாரம்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடக்கிறதைச் சொன்னால் ஆதாரமாம்!

"எங்கள் தமிழ் மன்றத்தை வந்து பாருங்கள். வருடாவருடம் ஒரு பெயரை வாசித்து, எதிர்க்கிறவர் எழும்பலாம் என்பார்கள். எல்லோருக்கும் பெர்மெஸ்ஸோ வதிவிட அனுமதிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவரே தலைவர்தான். யார் எழும்புவது? ஏழு வருடமாக என் அப்பாதான் உபதலைவர். வாய் திறக்கமாட்டார், அதுதான் தகுதி. ஒருவரும் எதிர்த்து எழும்பியதில்லை."

சொன்ன பிறகுதான் கடைசி வாங்கு நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான் எழும்பினேன், புரொபெசோரே." தில்லையம்பலம்தான், அரைகுறை இத்தாலியனில். "முதல் வருடம். எனக்கு அந்தப் பதவி வேண்டாம் என்று எழும்பினேன். நன்றி சொல்ல எழும்புகிறேன் என்று நினைத்துக் கைதட்டி, மாலையும் போட்டுவிட்டார்கள்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு அவளுடைய புள்ளிப் புத்தகத்தை இழுத்து, முப்பதுக்கு இருபத்தேழு என்று எழுதினார்.

"ஆதாரம் வந்துவிட்டது, சிஞ்ஞோரீனா."

உதவிப்பணம் தப்பியது. ஆனால் கேசிகாவுக்குச் சந்தோசத்தை முந்திக்கொண்டு எரிச்சல் வந்தது. இரண்டு வருடம் விழுந்து விழுந்து படித்தவளைக் கடைசியில் ஒரு பூமாலை வந்து கரையேற்றுவதா?

படியிறங்கும்போது பொரிந்தாள்: "ஏனப்பா இதை ஒருநாளும் சொல்லேல்லை?"

"ஆர் பிள்ளை கேட்டது? தாயும் மகளும் கதைச்சு முடிச்சாத்தானே."

"வாற ஞாயிறும் தெரிவெல்லோ. இந்தமுறையாவது எழும்பாமல் இருங்கோ."

"போன வருசம் நான் கூட்டத்துக்கே போகேல்லை," என்றார் தில்லையம்பலம். "மாலையை வீட்டை கொண்டுவந்து தந்தவங்கள்."