ஓரத்தில் எழுதும் பெயர்

"பேசாம கேட்டுடேன் நேவெனா. எங்கம்மா என்ன, உன்னக் கடிச்சா தின்னுடுவாங்க?"

"பதினோரு வருஷமா வாயத் திறக்காதவ இன்னிக்குப் போய்க் கேட்டா, புத்தகம் கைய விட்டுப் போகுதேன்னு பொறாமைல கேக்கறான்னு நினைப்பாங்க."

"நாளைக்கு அக்கா வந்து அதப் பெட்டில வெச்சுக்கிட்டு வியன்னாவுக்குக் கிளம்பிடுவா. அப்புறம் எங்கிட்ட வந்து அழாத."

காலையில் கணவன் ஸ்லாவ்கோ சொல்லிவிட்டுப் போனது மாலை வரை நேவெனாவின் நெஞ்சில் முள்ளாய் உறுத்திக்கொண்டிருந்தது. லெஸ்கோவாட்ஸ் ஊரெங்கும் சுட்ட குடைமிளகாயின் மணம். முற்றத்து அடுப்பில், தோலுரித்து அரைத்த இருபது கிலோ மிளகாய் கொதித்துத் தெறித்தது. மூன்று மணி நேரமாக அவள் துடுப்பைக் கீழே வைக்கவில்லை.

எதிரே நாற்காலியில் மாமியார் தெசாங்கா, மடியில் எண்ணெய்க் கறை படிந்த சமையல் புத்தகத்துடன். இலையுதிர் காலம் வந்தால் மருமகள் கிளறுவாள், மாமியார் வாசிப்பாள். சீமை மாதுளை ஜாம், பிளம் பழக்கூழ், முட்டைக்கோஸ் ஊறுகாய் என்று அந்தப் பருவத்துப் பக்கங்களைக் கதை போல ஏற்ற இறக்கத்தோடு படிப்பாள். நேவெனா ஆண்டு முழுக்கக் காத்திருப்பதும் இந்த மணி நேரங்களுக்காகத்தான்.

"'மெல்லிய தீயில் நாற்பது நிமிடம்' போதுமாம்! இத எழுதினவ அடுப்பையே பாத்திருக்க மாட்டா."

வழக்கமாக இந்த இடத்தில் நேவெனா வாய்விட்டுச் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை.

"என்னடி, மூஞ்சி ஊறுகாய் ஜாடி மாதிரி இருக்கு? கைய நிறுத்தாத, அடி பிடிச்சுடும்!"

நேவெனாவின் கண் புத்தகப் பக்கத்தின் ஓரத்தில் நின்றது. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை கிலோ, எத்தனை ஜாடி, கிளறியது யார் என்று தெசாங்கா அங்கே எழுதிவைப்பாள். மேலே 'கிளறியது: தெசாங்கா'. அதன் கீழே, நாளை வரப்போகும் மகள் ரூஷாவின் பெயர் ஆறு முறை. பிறகு வரிசையாக 'கிளறியது: மருமகள்', 'மருமகள்', 'மருமகள்'. யார் வீட்டு மருமகளாகவும் இருக்கலாம். கடைசி வரிக்கு மட்டும் இடம் மிச்சம் இருந்தது.

துடுப்பை இழுத்தாள். பாத்திரத்தின் அடி தெரிந்தது. பிளந்த விழுது திரும்பக் கூடவில்லை.

"பதம் வந்துடுச்சு. இறக்கு," என்று தெசாங்கா பேனாவைத் திறந்தாள்.

நேவெனா இறக்கவில்லை. இறக்கினால் அந்த வரி எழுதப்பட்டுவிடும். இன்னும் வேகமாகக் கிளறினாள்.

"காது கேக்கலையா? கருகப் போகுது!"

எண்ணெய் பிரிந்து ஓரங்களில் பொரிந்தது. நேவெனா பற்களைக் கடித்துக்கொண்டு பாத்திரத்தை இறக்கினாள். உள்ளங்கைகள் எரிந்தன. பேனா ஆண்டை எழுதியது, கிலோவை எழுதியது, 'கிளறியது' என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தது.

"அத்தை..."

"என்ன?" தெசாங்கா நிமிரவில்லை.

"அந்த இடத்துல மருமகள்னு எழுதாதீங்க. நேவெனான்னு எழுதுங்க."