நியாயமில்லை, ஆனாலும் ஏற்கத்தக்கது

பக்கத்துப் பெரிய சுரங்கக் கம்பெனி, அவருடைய சின்னத் தங்கக் கம்பெனியை வாங்க, பங்குக்கு இருபத்தாறு சென்ட் தருகிறோம் என்று விலை கேட்ட நாளிலிருந்து வார்விக் பென்ரோஸ் கண்ணை மூடவில்லை. ஆஸ்திரேலியாவின் கால்கூர்லி ஊரிலிருந்த அத்தனை காப்பியையும் அவரே குடித்துத் தீர்த்துவிட்டதாகப் பேச்சு. வெயிலில் வெந்து, செம்மண்ணில் துளை துளையாய்ப் போட்டுத் தங்கம் கண்டவர் அவர். பாதிப் பங்குகளை வைத்திருப்பவர்கள் விற்க மறுத்துவிட்டால் போதும், கம்பெனி அவர் கையிலேயே தங்கிவிடும்.

விலை சரிதானா என்று வெளியாள் ஒருவரை வைத்து மதிப்பிடச் சொல்வது அங்கே வழக்கம். பெர்த்திலிருந்து க்ளெனிஸ் டாட் வந்து பார்த்துவிட்டுப் போனார். கண்ணாடிக்கு மேலாக அவர் ஒரு பார்வை பார்த்தால் தங்கமே தகரமாகிவிடும்.

அறிக்கை வந்தது. "பங்கின் மதிப்பு முப்பத்தொன்று முதல் முப்பத்தெட்டு சென்ட். கேட்ட விலை நியாயமானதல்ல."

வார்விக் அதற்குமேல் படிக்கவில்லை. அவர் குதித்த குதியில் ஆபீஸ் தகரக்கூரை கழன்று ஓடாதது அதிசயம். உடனே பல் டாக்டர் மொரீனுக்குப் போன் போட்டார். பங்குதாரர்களில் பெரிய கை மொரீன்தான். அவர் விற்றால் விற்ற பங்குகள் பாதியைத் தாண்டிவிடும்.

"மொரீன், ஜெயிச்சிட்டோம்! நியாயமில்லைன்னு அந்தம்மாவே எழுதிட்டாங்க!"

"அடுத்த பக்கத்தைப் படிச்சியாடா?"

புரட்டினார். "ஆனாலும் ஏற்கத்தக்கது" என்றிருந்தது.

அடுத்த போன் க்ளெனிஸுக்கு.

"ஏம்மா, சோறு ஊசிப்போச்சு, ஆனா சாப்பிடுங்கன்னு எழுதுவீங்களா?"

"பட்டினி கிடக்கறதுக்கு அது தேவலையே, வார்விக். வேற ஒருத்தரும் விலை கேக்கல. உங்க கையிருப்பு கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்காது. பாறையை அரைக்கிற ஆலையும் விலை கேட்டவங்ககிட்டதான் இருக்கு."

"தெக்குப் பக்கம் கிடக்கிற தங்கத்துக்கு ஏன் கிள்ளுக்கீரை விலை போட்டீங்க?"

"அங்க துளைக்குத் துளை இருநூறு மீட்டர் இடைவெளி. நடுவுல தங்கம் இருக்கா, கங்காரு தூங்குதான்னு யாருக்குத் தெரியும்? நெருக்கமா போட்டிருந்தா முழு விலையும் சேர்த்திருப்பேன்."

வார்விக் போனை வைத்தார். நெருக்கமாய்ப் போட்டால் யார் கைதட்டுவார்கள்? தள்ளிப் போட்டால்தான் 'தங்கம் இன்னும் நீள்கிறது' என்று அறிவிக்கலாம். பங்கு துள்ளும். துள்ளுகிற சூட்டிலேயே பணம் திரட்டி, இன்னும் தள்ளி ஒன்று போடலாம். விட்டிருந்தால் கடலுக்குள்ளேயே இறங்கியிருப்பார்.

மறுபடி மொரீனைக் கூப்பிட்டார். "ஆறே மாசம் பொறு. நடுவுல துளைச்சுக் காட்டிடறேன்."

"பக்கத்துப் பல்லும் சொத்தைன்னு பாக்காமலே நான் பில் போட்டா சும்மா விடுவாங்களா? இவ்ளோ வருஷமா நீ நடுவுல எட்டிக்கூடப் பாக்கலையே! கொடுத்துட்டேன், வார்விக். கையெழுத்தும் போட்டாச்சு."

அத்தோடு கம்பெனி போயிற்று.

புது முதலாளிகள் முதல் வேலையாகத் துளைபோடும் எந்திரத்தைத் தெற்கே கொண்டுபோனார்கள். பழைய துளைகளுக்கு நடுவில்தான்! வார்விக் வேலியோரம் வண்டியை நிறுத்தி, தமக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் அகரவரிசையில் சொல்லித் தீர்த்தார். எந்திரக்காரர்கள் காதில் விழவில்லை. ஓரிடத்தில் நிறுத்தி, கம்பியை இறக்கப் போனார்கள்.

வார்விக்கால் பொறுக்கமுடியவில்லை. தொப்பியைத் தரையில் அறைந்தார்.

"அங்கயில்லடா, கழுதைகளா! மேற்கால தள்ளுங்க! இன்னும் மேற்கால!"